மூன்று வருஷம்

"கோலாலம்பூர்லேருந்து வரேன். ரெஜினாவுக்காகத்தான்," என்றார் முரியல்.

"மத்தியானம் வருவீங்கன்னுல்ல தரகர் சொன்னாரு!" அன்னம்மா அந்தத் தோட்ட வீட்டின் ஒரே நாற்காலியை அவசரமாகத் துடைத்துப் போட்டாள்.

"பொண்ணு வேகமா ஓடுமா?"

"நல்லா சமைப்பா."

காப்பி கொண்டுவந்த மகள் ரெஜினாவின் தோளை முரியல் அழுத்திப் பார்த்தார்.

மாடு வாங்க வந்தவளா இவள்? ஏற்கெனவே மூன்று வரன் தட்டிப் போயிருந்ததால் அன்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கு. திங்கக்கிழமையே அனுப்பிடுங்க."

"மாதா கோயில்ல மோதிரம் மாத்தாமலா? முதல்ல உங்க மகனைக் காட்டுங்க!"

"மகனா? நான் காலேஜ் சாப்ட்பால் கோச் லா! எழுபத்தெட்டுலேருந்து எட்டுத் தடவை கோப்பை எங்களுக்குத்தான். இவ பந்து வீசுறத பள்ளிக்கூடப் போட்டியில பார்த்தேன். மூணு வருஷப் படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் இலவசம்."

வாசலில் கார் வந்து நின்றது. நிஜமான மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள்.

அன்னம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னாள்:

"மன்னிச்சுக்குங்க. எங்க பொண்ணுக்கு மூணு வருஷத்துக்கு நேரமில்ல."