மூக்கன் கொண்டுவந்த தேங்காய்

தேங்காய்ச் சில்லு என்று நினைத்து மூக்கன் காகம் தூக்கிவந்தது சோப்புத் துண்டு. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவசரம் அப்படி. ஆடிக்காற்று வந்தால் கூடு தாங்காது. குஞ்சோ பறக்கமாட்டேன் என்று கூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தது. தேங்காயைக் காட்டியாவது அதை வெளியே இழுக்கவேண்டும்.

"யோவ், இது சோப்புய்யா" என்றாள் பெண்டாட்டி செல்லி.

"காய்ஞ்ச தேங்காய்டி. நனைச்சா சரியாயிடும்."

மாடித் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்துவந்து, அவள் கண்ணெதிரே ஒரு கடி கடித்தான். வாய் நிறைய நுரை.

"எப்படி இருக்கு?"

"நல்ல இளசு" என்றான். சொல்லோடு ஒரு குமிழியும் கிளம்பியது.

"புளுகாதே!"

"யாருடி புளுகன்?" இன்னும் நாலு குமிழி.

குஞ்சுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு குமிழியைக் கொத்தப் பாய்ந்தது. தவறிவிட்டது. அடுத்ததைத் துரத்தியது. அப்படியே துரத்திக்கொண்டு எதிர்மரத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் கூட்டைத் திரும்பிப் பார்த்தது.

"பார்த்தியா, தேங்காயோட வேலையை!" என்றான் மூக்கன், கடைசிக் குமிழியோடு.

அவன் கிடக்கிறான். குஞ்சைப் பறக்கவைத்தது சோப்பு.