கொஞ்சம் தள்ளி

பேருந்து பெயர்ப்பலகைக்கு நேராக நின்றது. அரை அடி முன்னே இல்லை. அரை அடி பின்னே இல்லை.

ஏறுவதற்கு ஈ காக்கை இல்லை.

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடி வழியே பார்த்தான். காலனி மொத்தமும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. மதகுக்கும் அப்பால், செல்போன் கோபுரத்தடியில். பக்கத்து மாவட்டத்தின் எல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்றால் நம்பலாம், அவ்வளவு தூரம்.

தப்பு அவர்கள்மேல் இல்லை.

இந்த வழித்தடத்தில் டவுன் பஸ் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து காலனி நிறுத்தத்தில் வண்டி கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். சற்று முன்பு ஊர் நிறுத்தத்தில், வாசலுக்கு வந்த மாப்பிள்ளை கார் மாதிரி பூப்போல நின்ற அதே வண்டிதான். இங்கே வந்தால் மட்டும் பிரேக்குக்குத் தூக்கம் வந்துவிடும்.

எங்கே மிதிப்பது என்று எந்த உத்தரவிலும் இல்லை. அது ஓட்டுகிறவனின் காலுடைய இஷ்டம்.

பலகையடியில் நின்று பார்த்தார்கள். வண்டி மதகில் போய் நின்றது. மதகில் நின்று பார்த்தார்கள். வண்டி கோபுரத்தடியில் போய் நின்றது. இப்படியே விட்டிருந்தால் காலனி சனம் டவுனுக்கே நடந்துபோய், டவுன் போகும் பஸ்ஸுக்கு அங்கே காத்திருக்கும்.

ஓடி ஓடி அங்கே எல்லோருக்கும் கால் ஒரு முழம் கூடுதல். அவனுக்கும்தான். அந்தக் காலை வைத்துத்தான் இன்று பிரேக்கை மிதித்தான்.

முதல் நாள். முதல் நடை.

காலனியிலிருந்து அரசு பஸ் ஓட்ட வந்த முதல் ஆள். உத்தரவு வந்த அன்று வேட்டு போட்டார்கள். நம்ம புள்ள வண்டி, நம்ம புள்ள வண்டி என்று கோழிக்குஞ்சுவரை எல்லாவற்றிடமும் சொல்லியாகிவிட்டது.

நேற்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னான். போர்டுகிட்டயே நிப்பாட்டுறேன், ஓடாதம்மா.

அவள் தலையை ஆட்டினாள். முட்டி வீங்கிக் கிடக்கிறது. அதைக் காட்டத்தான் இன்று பெரியாஸ்பத்திரி.

தலைதான் ஆடியிருக்கிறது. கால் பழக்கப்பட்ட இடத்துக்கே போய்விட்டது.

கோபுரத்தடியில் யாரோ கை நீட்டினார்கள். கூட்டம் கிளம்பியது. பலகையைப் பார்த்து ஓடியது.

கடைசியில் அம்மா. ஒரு காலால் ஓடி, ஒரு காலை இழுத்துக்கொண்டு.

"என்ன டிரைவர் தம்பி, ஆளில்லாத எடத்துல நிறுத்தி சாமி கும்பிடுறீகளோ?"

முன் இருக்கை மீசைக்காரர். ஊர் நிறுத்தத்தில் ஏறியவர். கோர்ட்டில் வாய்தா அவருக்கு. அந்த மீசையில் இரண்டு பேர் ஊஞ்சல் ஆடலாம்.

"சொந்தக்காரவுகளுக்கு வெத்தல பாக்கு வச்சுத்தான் ஏத்தணுமோ? எல்லாம் இவுக ராச்சியம்."

பஸ் சிரித்தது.

அவர் கையில் போன். திரையில் புகார் எண். பெருவிரல் அதன்மேல் மிதந்துகொண்டிருந்தது.

ஒரு புகார் போதும். டிப்போவில் வண்டி கழுவ உட்காரவைத்துவிடுவார்கள். மறுநாளே பழைய கால் ஒன்று வந்து இந்த பிரேக்கின்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

பின்படியிலிருந்து கண்டக்டர் இன்னாசி குரல் கொடுத்தார். "மாப்ள, முன்னால எடுத்துப் போயி ஏத்திக்குவம்யா. எதுக்கு வம்பு?"

கியர் போட்டான். வண்டி உறுமியது. ஓர் உருள் உருண்டது.

"ஆத்தீ, நிக்காமப் போறான்டீ!"

பாதிக் கூட்டம் திரும்பிக் கோபுரத்துக்கு ஓடியது. பாதிக் கூட்டம் பலகைக்கே ஓடியது. இரண்டும் மோதிக்கொண்டன. நடுவில் அம்மா, எந்தப் பக்கம் என்று தெரியாமல், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள்.

மிதித்தான். வண்டி குலுங்கி நின்றது. பலகையடிக்கு ஓடினார்கள்.

முன்னால் போனால் ஓடுகிறார்கள். நின்றால் ஓடுகிறார்கள்.

பின்னால் ஹாரன். பக்கத்தில் மீசை. காலடியில் எஞ்சினின் உறுமல்.

அந்த உறுமல். அவன் பிறந்ததிலிருந்து கேட்ட உறுமல். அது கேட்டால் காலனியில் பாயில் படுத்திருப்பவர்களும் ஓடுவார்கள்.

கை சாவிக்குப் போனது.

"மாப்ள! ஆஃப் பண்ணிராத! செல்ஃப் எடுக்காது!"

காலையில் டிப்போவே சேர்ந்து தள்ளித்தான் இந்த வண்டி கிளம்பியது. வாட்ச்மேனும் தள்ளினார், டீ கொண்டுவந்தவரும் தள்ளினார். மெக்கானிக் அவனுக்குச் சொன்ன ஒரே வேதம், செத்தாலும் சாவியைத் திருகாதே என்பதுதான்.

திருகினான்.

சாலை அப்படி அமைதியாக இருந்து அவன் கேட்டதே இல்லை.

ஓடியவர்கள் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி அவிழ்ந்த கொண்டையை முடிந்தாள். அம்மா குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டாள். சேலையை உதறி இழுத்துச் செருகினாள்.

நடந்தார்கள்.

பெருவிரல் எண்ணின்மேல் இறங்கியது. தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று போன் பாட ஆரம்பித்தது.

"அடுத்த பஸ்ஸு உச்சிக்குத்தான்யா," என்றார் இன்னாசி, யாரையும் பார்க்காமல். "ஆம்பளையாளுக எல்லாம் எறங்குங்க. கொஞ்சம் தள்ளி விட்டா எடுத்துரும்."

மீசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். பாடுகிற போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவர் எழுந்துபோன இருக்கை காலியாக இருந்தது.

அம்மா முன்படிக்கம்பியைப் பிடித்தாள்.