சத்தத்துக்கு ஒரு வார்த்தை

"சார், நோட்டீஸ்ல எங்களை ரவுடின்னு எழுதியிருக்கீங்களாமே?"

வாசலில் நின்றவர் இசக்கிமுத்து. தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மூன்று மாதத்துக்கு முன்புதான் செம்பூரில் இந்தக் கட்டிடத்தின் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தார்.

நோட்டீஸ் எழுதியவர் வெங்கடராமன். இரண்டாவது மாடி, குடியிருப்பவர்களின் சொஸைட்டிக்குச் செக்ரட்டரி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் இங்கிலீஷ் லெட்டர் டிராஃப்ட் போட்டே பெயர் வாங்கியவர்.

"உள்ள வாங்கோ, உட்காருங்கோ. உங்களை ரவுடின்னு நான் எழுதலை. ரவுடி பிஹேவியர்னுதான் எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

"இல்லை. தமிழ்லதான் ரவுடின்னா கத்தி எடுக்கறவன். இங்கிலீஷ்ல, சத்தம் போட்டு அமர்க்களம் பண்றதுன்னு அர்த்தம். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்காத்துல நடக்கறதே, அது."

"அர்த்தம் டிக்‌ஷனரியில இருக்கும் சார். நோட்டீஸ் போர்டைப் படிக்கப்போறது எங்க ஆளுகல்லா? ஞாயித்துக்கிழமை என் மக சாதனாவைப் பொண்ணு பார்க்க உல்லாஸ்நகர்ல இருந்து வாராவ. லிஃப்டுக்கு நிக்கிற இடத்துலதான் போர்டு. மத்த இங்கிலீஷ் புரியாட்டாலும் அந்த ஒரு வார்த்தை புரிஞ்சிரும்."

வெங்கடராமனுக்கும் அது நியாயமாகப் பட்டது. டிக்‌ஷனரியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அன்ரூலின்னு மாத்தலாம்."

"அப்படின்னா?"

"கட்டுக்கு அடங்காதவா."

"வயசுப் பொண்ணு இருக்கிற வீடு சார்."

வெங்கடராமன் பக்கத்தைப் புரட்டினார். "பாய்ஸ்டரஸ். சத்தமும் சந்தோஷமுமா ஆட்டம் போடறது."

இசக்கிமுத்துவின் முகம் தெளிந்தது. "சந்தோஷம்னு வருதுல்லா? அதையே போட்டுருங்க."

"போட்டா பாராட்டு மாதிரின்னா இருக்கும்? இது கம்ப்ளெயின்ட்."

வெங்கடராமனின் மனைவி ராஜலக்ஷ்மி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"விட்டுடுங்கோளேன். கல்யாண விஷயம்," என்றாள். காதில் விழுந்ததா இல்லையா என்று சந்தேகப்படும்படியான குரல். அந்த வீட்டில் டிவிகூட அப்படித்தான் பேசும். வெங்கடராமனுக்குச் சத்தம் ஆகாது.

"உனக்குத் தெரியாது, நீ உள்ள போ," என்றவர் இசக்கிமுத்து பக்கம் திரும்பினார். "சரி, வார்த்தையே வேண்டாம். இனிமே சத்தம் வராதுன்னு சொல்லுங்கோ. இப்பவே நோட்டீஸை எடுத்துடறேன்."

இசக்கிமுத்து காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மட்டும் முடியாது சார்."

"ஏன் முடியாது? தரையைத் தட்டிண்டு ஒரு பொம்மனாட்டி சிரிக்கறாளே, அது போறும், எனக்குத் தலைவலி வரதுக்கு. உங்க சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்ல முடியாது சார்."

"பொண்ணோட கல்யாணத்தைவிட அந்தக் கூத்து பெரிசாப் போச்சா உங்களுக்கு?"

இசக்கிமுத்து டம்ளரைக் கையில் எடுத்தார். காபியைக் குடித்து முடித்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

"இந்த மாதிரி மனுஷாளுக்கெல்லாம் ரவுடிங்கற வார்த்தையே சரி," என்று வெங்கடராமன் டிக்‌ஷனரியை மூடினார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தலைக்கு மேலே டக் டக்கென்று ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு. ரெக்கார்ட் பண்ணி சொஸைட்டி கமிட்டிக்கே அனுப்பிவிடலாம் என்று வெங்கடராமன் ஃபோனை எடுத்துக்கொண்டு படியேறினார்.

இசக்கிமுத்து வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. தரையில் கேரம் போர்டு. ஒரு பக்கம் இசக்கிமுத்துவின் மனைவி தங்கமயில், இன்னொரு பக்கம் சாதனா. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒருத்தி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

"ரெட்டும் போட்டாச்சு, ஃபாலோவும் போட்டாச்சு. இப்ப என்ன சொல்றேள்?"

இரண்டு கையாலும் தரையைத் தட்டித் தட்டி அவள் சிரித்தாள். சிரிப்புத் தாங்காமல் பக்கவாட்டில் சாய்ந்தபோது முகம் தெரிந்தது.

ராஜலக்ஷ்மி.

வெங்கடராமன் ரெக்கார்ட் பண்ணாமலே ஃபோனைப் பையில் போட்டார். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவர். மூன்று மாதமாகத் தினமும் கேட்டும் அது யாருடைய சிரிப்பென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தியது. கடையிலிருந்து திரும்பிய இசக்கிமுத்து.

"மாமிகிட்ட பாத்ததாக் காட்டிக்கிடாதீங்க சார்," என்றார் தணிந்த குரலில். "கோவிலுக்குன்னு சொல்லிட்டு வாராவளாம். வாய்விட்டுச் சிரிச்சு எத்தனையோ வருசமாச்சுன்னு என் சம்சாரத்துட்ட ஒருநாள் சொல்லியிருக்காவ. அவங்களைப் போய் நிறுத்துங்கன்னு நான் எப்படிச் சொல்ல?"

படிப்பக்கமாக அவரை நகர்த்திக்கொண்டு வந்தார்.

"நோட்டீஸ் எங்க பேருலயே இருந்துட்டுப் போகட்டும் சார்."

வெங்கடராமன் படியிறங்கிக் கீழ்த்தளம்வரை போனார். போர்டிலிருந்து நோட்டீஸை எடுத்து, நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

ஏழு மணிக்கு ராஜலக்ஷ்மி வந்தாள். செருப்பை ஓசைப்படாமல் கழற்றிவிட்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள்.

"கோவில்ல கூட்டமா?" என்று கேட்டார் வெங்கடராமன்.

"ஆமாம்," என்றாள், பழைய குரலில்.

"அவசர அவசரமா ஓடி வராதே. நாளைக்கு எட்டு மணிவரைக்கும் இருந்துட்டு வா. தோசை நான் வார்க்கறேன்."