இருமலுக்கு முன்

பல் டாக்டர் ஆறு ஸ்பேடு என்றார். அதோடு ஏலம் முடிந்தது.

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் இதற்கு ஸ்லாம் என்று பேர். பதின்மூன்று பிடியில் பன்னிரண்டை எடுத்தே தீருவோம் என்ற சவால். நாங்கள் இரண்டே இரண்டு பிடி எடுத்துவிட்டால் போதும், அவர்கள் கதை முடிந்தது. ஜோடிக் கோப்பை எங்களுக்கு.

துருப்பு ஸ்பேடு. அதன் ஏஸ் என்னிடம் இருந்தது. எப்படிப் பார்த்தாலும் அது ஒரு பிடி. இன்னொன்று கிடைப்பதும் போவதும் முதலில் இறக்கும் சீட்டைப் பொறுத்தது.

முதல் சீட்டு நான் போட வேண்டியது.

என் கூட்டாளியாக எதிரே உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர். கிளப் செயலாளர். நாங்கள் எப்போது தோற்றாலும் அவரிடம் ஒரே காரணம்தான்: நான் போட்ட முதல் சீட்டு. மருமகளிடம் சொல்வார், சம்பந்தியிடம் சொல்வார், லிஃப்ட்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

அதனால் இந்த ஒரு சீட்டையாவது என் சொந்தப் புத்தியில் சரியாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு. கோப்பையை அவரே வைத்துக்கொள்ளட்டும். அந்த வாய் அடைத்தால் போதும் எனக்கு.

ஏலத்தில் யார் எதைக் கேட்டார்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என் சீட்டுகளை எண்ணினேன். கணக்கு சட்டென்று பிடிபட்டது. அட, இவ்வளவுதானா!

ஒரு சீட்டைப் பாதி உருவினேன்.

அவர் இருமினார்.

அவருடைய இருமல்களுக்கு நான் அகராதியே போடலாம். சொந்தக்காரர் வீட்டில் நான் அதிகம் பேசினால் ஒன்று. கிளம்பலாம் என்றால் ஒன்று. துணிக்கடையில் விலையைப் பார்த்துவிட்டால் இன்னொன்று. இது புதுசாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

மோதிரத்து வைரக்கல்லைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் என் மேலேயே இருந்தது.

டைமண்ட் போட வேண்டுமாம்.

எனக்கு முகம் சுட்டது. இந்த ஆட்டத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் ஏலத்தில் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு கூட்டாளி கண்ணால், கையால், பெருமூச்சால்கூட எதுவும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அந்தச் சீட்டு தீட்டு, அதைப் போடக் கூடாது. நானாக யோசித்தது என்று சத்தியம் பண்ணினாலும் செல்லாது. போன வருஷம் காதைச் சொறிந்த ஒரு ஜோடியைக் கிளப்பை விட்டே விரட்டியவர் இவர்தான். காது அரித்தால் வீட்டில் சொறிந்துவிட்டு வாருங்கள் என்று மைக்கில் சொன்ன மகராசன்.

பக்கத்தில் பல் டாக்டருக்குக் கூட்டாளியாக உட்கார்ந்திருந்த அவர் தங்கை மோதிரத்தைப் பார்த்தாள். அப்புறம் என் விரலைப் பார்த்தாள். வாயைத் திறந்து திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாலு பேர் முன்னால் என் கைப்பையிலிருந்து திருட்டுச் சாமானை எடுத்துக் காட்டியது போல இருந்தது.

உருவிய சீட்டை உள்ளே தள்ளினேன். ஹார்ட்டின் எட்டைப் போட்டேன்.

பல் டாக்டர் சொத்தைப் பல் பிடுங்குவது போல ஒவ்வொரு பிடியாக நிதானமாக எடுத்தார். என் ஏஸைத் தவிர மிச்சம் பன்னிரண்டும் அவருக்குத்தான். கோப்பை போயிற்று.

அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்துவிட்டார். இவளுக்கு முதல் சீட்டு போட இந்த ஜென்மத்தில் வராது என்றார். டீ கொண்டுவந்தவர் தட்டோடு அப்படியே நின்றார். சிலர் சிரித்தார்கள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய செயலாளர் பதவி அன்றோடு போயிருக்கும். சொல்லவில்லை. மூடி மறைத்ததும் வெட்கமாகத்தான் இருந்தது.

படியிறங்கும்போது முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் கையில டைமண்டே இல்ல. நீ அதைப் போட்டிருந்தா துருப்பால வெட்டியிருப்பேன், ஆட்டம் அங்கயே முடிஞ்சிருக்கும். நான் இருமினது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. மொத்தம் பதிமூணு டைமண்ட்ல என்கிட்ட அஞ்சு, அவங்க ஏலத்துல கேட்டதை வெச்சுப் பாத்தா அவங்ககிட்ட எட்டு. உங்ககிட்ட ஒண்ணுமே இருக்காதுன்னு எண்ணிப் பாத்துத்தான் டைமண்டைப் பாதி உருவினேன். அப்பதான் இருமினீங்க."

வீடு போய்ச் சேரும்வரை அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.