அடுத்தவர் பங்கு

"இப்ப அந்தப் பொண்ணு சொல்லுதே ஒரு பசை, அது என் பையன் கண்டுபிடிச்சதுங்க."

பஸ் டிரைவர் பக்கத்து நாற்காலிக்காரரின் காதில் கிசுகிசுத்தார். அரங்கின் கடைசி வரிசை அது. மேடையில், கட்டடக்கலை படித்துவிட்டு வந்த பெண் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். மரத்தூளையும் காகித ஆலைக் கழிவிலிருந்து எடுத்த பசையையும் சேர்த்து அழுத்திய சுவர்ப் பலகை.

"உங்க பையன் கண்டுபிடிச்சதை அவ எதுக்குப் பேசறா?"

"மண்ணைக் கெடுக்காத பொருள் செய்யற மேல்படிப்பு சார் இது. கெமிஸ்ட்ரிக்காரன் பசை செய்வான், கட்டடக்காரி அதை வெச்சு சுவர் செய்வா. பரீட்சையில ஒருத்தர் பங்கை இன்னொருத்தர்தான் விளக்கணும். ரெண்டும் தேறினாத்தான் ரெண்டு பேருக்கும் பட்டம்."

"நல்ல கூத்து! என் பொண்ணு ஆபீஸ்ல என்ன வேலை பார்க்கறான்னு என் மருமகனுக்கே தெரியாது. ஒரே வீட்லதான் இருக்காங்க."

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பசை முதல் தடவையே சரியா வந்துதா?" மேடையோரம் உட்கார்ந்திருந்த பேராசிரியை கேட்டார்.

"எங்கே மேடம்! ஒரு தடவை பொங்கி வழிஞ்சு, அவன் சட்டைக் கையே மேசையோட ஒட்டிக்கிச்சு. கத்தரிச்சுத்தான் ஆளை மீட்டோம். மறுநாள் காலையில முதல் ஆளா லேபுக்கு வந்து நிக்கறான்!"

அரங்கே சிரித்தது.

"ஒரு கை முழுசு, ஒரு கை அரைன்னு வந்து நின்னான். அவங்கம்மா கத்தின கத்து இருக்கே!" டிரைவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"கெட்டிக்காரப் பிள்ளை. அடுத்து அந்தப் பொண்ணோட வேலையை அவன் பேசணுமாக்கும்?"

"ஆமாங்க, அவன்தான் பேசணும். மழையில பலகை எவ்வளவு உப்பும், எப்படி இணைச்சா விரிசல் விடாது, அதெல்லாம். சொதப்பினா அந்தப் பொண்ணோட படிப்பும் சேர்ந்து போயிடும். எனக்கு ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்லை."

"பேசப்போறது அவன், தூக்கம் போனது உங்களுக்கா? பெத்தவங்க பாடே இதுதான் சார்."

கைதட்டலுக்கு நடுவே அந்தப் பெண் இறங்கி வந்தாள். பேராசிரியை ஒலிபெருக்கியை அருகில் இழுத்துக்கொண்டார்.

"அடுத்தது சுவர்ப் பகுதி. இதை விளக்கியிருக்க வேண்டிய மாணவர் போன வருஷம் காலமாகிவிட்டார். அந்தத் துறை படிக்காத ஒருவர் விளக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விதி. அதற்காக இந்த மாணவி பல மாதமாக லேபில் நிறுத்திக் கற்றுக்கொடுத்த ஒருவரை மேடைக்கு அழைக்கிறேன்."

"கொஞ்சம் வழி விடுங்க சார், என் பையன் முறை வந்துடுச்சு" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் டிரைவர் மேடையை நோக்கி நடந்தார்.