வழுக்கி விழுந்த கேஸ்

'ஜூன் 12. எலும்பு முறிவுக்குச் சரியான குறியீடு போட்டேன். காரணத்துக்குத் தப்பாகப் போட்டுவிட்டேன்' என்று டைரியில் எழுதினாள்.

டாக்டர் குறிப்பைப் பார்த்துக் காயத்துக்கும் காரணத்துக்கும் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் மாலை வகுப்புக்கு, நோயாளியின் பெயரை மறைத்து அவள் கொண்டுபோன கேஸ் அது.

"மாடிப்படியில வழுக்கி விழுந்ததா டாக்டர் எழுதியிருக்கார். நீ அடிதடிக்கான குறியீடு போட்டிருக்க!" என்று சிடுசிடுத்தார் சார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தள்ளிவிட்டா வேற என்ன சார் போடுறது?"

"டாக்டர் எழுதினதைத்தான் போடணும். நீ என்ன, பக்கத்துல நின்னு பார்த்தியா?"

வகுப்பே சிரித்தது.

வீட்டில், மாவுக்கட்டுக் கையோடு அக்கா கதவைத் திறந்தாள். "ஏன்டி மூஞ்சி கடுகடுன்னு இருக்கு?"

"டாக்டர்கிட்ட நீ சொன்ன பொய்க்கு நான் திட்டு வாங்கினேன்க்கா. மாமா தள்ளினதை நான் பார்த்தேன்ல?"

அக்கா கதவைச் சாத்தினாள். பிறகு, "நாளைக்கு நீயும் கூட வர்றியா?" என்றாள்.

டைரியில் கடைசி வரி: 'நாளை: அக்காவோடு டாக்டரிடம் போய், காரணத்தை மாற்றி எழுதச் சொல்ல வேண்டும்.'