மிளகுக் காய்ச்சல்

ஜுனைதீனின் நெற்றி கொதித்துக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்த மெனேஜர் மஹ்ரூப், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“அடேயப்பா! நல்ல காய்ச்சல்தான்.”

கொதிக்காதா பின்னே? வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் மிளகுக் கொடியில் சாத்திய ஏணியிலிருந்து குதித்து ஓடிவந்து பாயில் விழுந்தவன் அவன். தங்கை றாபியா அவன் நெற்றியில் வெந்நீர்ப் போத்தலை வைத்து அழுத்திவிட்டு, இப்போதுதான் திரைச்சீலைக்குப் பின்னால் ஓடி மறைந்திருந்தாள்.

அலுவிகாரையில் அவர்களுடைய தோட்டத்து மிளகு பழுத்தால் ஜுனைதீனுக்கு உடம்புக்கு முடியாமல் போகும். விளைச்சல் நன்றாக இருந்தால் காய்ச்சலும் நாள்கணக்கில் நீளும். வாப்பா மவுத்தான பிறகு பறிப்பதற்கு வேறு ஆளில்லை. விட்டால் பாதி மண்ணில் உதிர்ந்துவிடும். மாத்தளை டவுனில் அவன் கிளாக்கராக இருந்த கொக்கோ ஸ்டோரில் இதைச் சொல்லி லீவு கேட்க முடியுமா?

பழைய மெனேஜர் எதையும் தோண்டித் துருவியதில்லை. புதிதாக வந்த மஹ்ரூப்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். முப்பத்தைந்து தாண்டியும் கலியாணம் ஆகாத, சிரிக்கத் தெரியாத மனிதர். பொய் என்று தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று ஸ்டோர் முழுக்கப் பேச்சு.

உம்மா ஆளுக்கொரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்த ஜுனைதீனுக்குக் குமட்டியது. பதற்றத்தில் றாபியா சீனிக்குப் பதிலாக உப்பை அள்ளிப் போட்டிருந்தாள்.

மஹ்ரூப் கடைசிச் சொட்டுவரை குடித்தார். “இன்னும் ஒரு கோப்பை கிடைக்குமா?” என்றும் கேட்டார்.

‘நெற்றி ஆறும்வரை உட்கார்ந்திருந்து பிடிக்கப் பார்க்கிறார்’ என்று நினைத்த ஜுனைதீன், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

அடுத்த காய்ச்சலுக்கு மணிச் சத்தமே கேட்கவில்லை. மடி நிறைய மிளகோடு ஏணி உச்சியில் நின்ற ஜுனைதீன் தற்செயலாகக் கீழே பார்த்தான். நோயாளிக்கென்று வாங்கிய தோடம்பழப் பையோடு மெனேஜர் நின்றுகொண்டிருந்தார். கிணற்றடியிலிருந்த றாபியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மஹ்ரூப் அவள் போன திசையையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தார். “நாளைக்கு என் ரூமுக்கு வா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. “இந்த வேலையும் போச்சுன்னா இவளை எப்படிடா கட்டிக் குடுக்கிறது?” என்று உம்மா மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் மெனேஜரின் அறைக்குள் நுழைந்ததுமே ஜுனைதீன் கொட்டிவிட்டான்.

“மன்னிச்சுக்கங்க சேர். காய்ச்சல் எல்லாம் பொய். மிளகு பறிக்கத்தான் லீவு போட்டேன்.”

“முதல் நாளே எனக்குத் தெரியும்” என்றபடி மஹ்ரூப் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

ஜுனைதீன் அவர் பின்னாலேயே போனான். “அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க சேர். இனிமே ஒரு நாளும் சுகமில்லன்னு வீட்டுல நிக்க மாட்டேன். வேலையை மட்டும் எடுத்துராதீங்க!”

மஹ்ரூபின் முகம் வாடிப்போனது. சட்டைப் பொத்தானைத் திருகினார், வேர்வையைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அப்படியெல்லாம் சொல்லிறாதீங்க மச்சான்… அடுத்த கிழமையும் உங்களுக்குக் காய்ச்சல் வரணும்!”